கதவு ஏழு, கதை ஒன்று

2014ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணியில் சிங்கப்பூரின் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் ஒரு மீன் உருண்டைக் குச்சியைப் பற்றிப் பேசினார். புக்கிட் கோம்பாக் பக்கம் ஒரு நடைபாதை. யாரோ மீன் உருண்டையைத் தின்றுவிட்டுக் குச்சியை வீசிவிட்டுப் போயிருக்கிறார்கள். இடம் சுத்தமாக இல்லை என்று குடியிருப்பாளர் ஒருவர் புகார் செய்தார். விசாரித்தால், இடப்பக்கச் சரிவு சிங்கப்பூர் நில ஆணையத்துடையது. நடுவில் போகும் பூங்கா இணைப்புப் பாதை தேசியப் பூங்காக் கழகத்துடையது. சாலையோர நடைபாதை நிலப் போக்குவரத்து ஆணையத்துடையது. குச்சி எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்துத்தான் அதை எடுக்க வேண்டியவர் யார் என்று தெரியும். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் சிரித்தோம். அதே ஆண்டு அக்டோபரில் நகராட்சிச் சேவை அலுவலகம் தொடங்கியது, அடுத்த ஜனவரியில் 'ஒன்சர்விஸ்' செயலி வந்தது. இப்போது லிஃப்ட்டில் துர்நாற்றம், வடிகாலில் கொசு, எதுவானாலும் படம் எடுத்து அனுப்பினால் போதும். எந்தத் துறை என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

குச்சிக்கு ஒரு வழி பிறந்தது. வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் பழுது, வேலை போய்விட்டது, வீட்டுக் கடன் பாக்கி, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் என்று ஒரே வீட்டில் நாலு தொல்லை சேர்ந்து வந்தால், அதைப் படம் எடுத்து எந்தச் செயலிக்கு அனுப்புவது?

நான் சமூகப் பணி படித்தவன் இல்லை. எங்கள் தொகுதியில் நடக்கும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் தொண்டூழியராக உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். 1955ல் முதலமைச்சராக இருந்த டேவிட் மார்ஷல் தொடங்கிவைத்த வழக்கம் இது. கட்சிகள் மாறின, காலம் மாறியது, வழக்கம் அப்படியே இருக்கிறது. வாரத்தில் ஒரு மாலை, நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்க மக்கள் அடுக்குமாடி புளோக் அடியில் எண்ணுச்சீட்டு வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருப்பார்கள். தமிழில் பேச வேண்டும் என்றால் என் மேசைக்கு அனுப்புவார்கள். நான் கேட்டு, ஆங்கிலத்தில் கடிதமாகத் தட்டி, உறுப்பினரின் கையெழுத்துக்கு வைப்பேன். அதிகாரம் எதுவும் கிடையாது. ஆனால் ஒரே மேசையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து கேட்டால் அரசாங்க உதவி எங்கே சிக்கிக்கொள்கிறது என்பது பிடிபட ஆரம்பிக்கும்.

என் கணக்கில் இங்கே உதவிக்குப் பஞ்சமில்லை. ஒரு வீட்டுக்கு வர வேண்டிய உதவிகளை அந்த வீட்டு வாசலில் ஒன்றுசேர்க்கும் ஆளுக்குத்தான் பஞ்சம். எண்ணிக்கையில் சிறுத்து, தீவு முழுக்கச் சிதறிக் கிடக்கும் நம் தமிழர்களுக்கு இந்தப் பஞ்சம் கொஞ்சம் கூடுதல். ஏன் என்று சொல்வதற்கு முதலில் ஒரு தீவுக்குப் போக வேண்டும்.

சிங்கப்பூரில் கிராமம் ஏது என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் தவறாமல் கேட்பார்கள். இருக்கிறது. சாங்கி முனையில் படகேறினால் கொஞ்ச நேரத்தில் புலாவ் உபின். 12 பேர் சேர்ந்தால்தான் படகுக்காரர் எடுப்பார். அவசரம் என்றால் காலி இடத்துக்கும் நாமே காசு கொடுக்க வேண்டியதுதான். இறங்கியதும் மண்பாதை, தகரக் கூரை, வாடகை சைக்கிள், நாடக மேடைக்கு எதிரே கோவில். வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது, கிணறுதான். மின்சாரம் ரொம்ப நாள் டீசல் ஜெனரேட்டரில் ஓடியது. 2013ல்தான் படகுத்துறைப் பக்கம் சூரிய சக்தியும் சேர்ந்த ஒரு சிறு மின்கட்டமைப்பைச் சோதனையாகப் போட்டார்கள். கருங்கல் குவாரிகள் ஓடிய காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த தீவு அது. பின் கியாங் பள்ளி 1985ல் மூடப்பட்டது. கடைசிக் குவாரி 1999ல் நின்றது. இன்று அங்கேயே தங்கி வாழ்பவர்கள் சில டஜன் பேர்தான், பெரும்பாலும் வயதானவர்கள்.

2013ல் இந்தத் தீவில் 20 சொச்சம் வீடுகளுக்கு அரசாங்கக் கடிதம் ஒன்று போனது. கட்டடங்களை அகற்றும் திட்டம் என்று தலைப்பிலேயே இருந்தது. கணக்கெடுக்க ஆள் வருவார்கள், மறுகுடியேற்ற உதவிக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்றெல்லாம் உள்ளே எழுதியிருந்தது. படித்தவர்களும், படித்துச் சொல்லக் கேட்டவர்களும், நம்மைக் கிளப்பப் போகிறார்கள் என்று பதறினார்கள். இணையம் பற்றிக்கொண்டது. பிறகு விளக்கம் வந்தது. யாரையும் வெளியேற்றவில்லை, அரசு நிலத்தில் இருப்பதற்குத் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் எடுத்து ஒரு தொகை கட்ட வேண்டும், அவ்வளவுதான், கடிதத்தை இன்னும் தெளிவாக எழுதியிருக்கலாம் என்றார்கள்.

அந்தக் கடிதத்தில் யாரும் வேண்டுமென்றே தப்பாக எதையும் எழுதவில்லை என்பது என் எண்ணம். ஒரு துறையின் கோப்பில் அந்தத் தலைப்பு சரியான தலைப்பாகவே இருந்திருக்கும். வாரம் ஒருமுறை படகேறிப் போய், கடைக்காரரிடம் இளநீர் வாங்கிக் குடித்து, இன்னாருக்கு மூட்டு வலி, இன்னார் மகன் தெம்பனிசில் இருக்கிறார் என்று தெரிந்த ஓர் அதிகாரி அந்தக் கடிதத்தை முன்கூட்டிப் பார்த்திருந்தால், "ஐயா, தலைப்பை மாத்துங்க" என்று ஒரு வரி சொல்லியிருப்பார்.

அடுத்த ஆண்டே உபின் திட்டம் தொடங்கியது. தீவுவாசிகள், இயற்கை ஆர்வலர்கள், வரலாற்றுக்காரர்கள், அதிகாரிகள் எல்லாரும் ஒரு மேசையில் உட்காரும் 'உபின் நண்பர்கள்' கட்டமைப்பு வந்தது. 2016ல் தீவை மொத்தமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தேசியப் பூங்காக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் ஒருவர், மரம் ஒருவர், கட்டடம் ஒருவர் என்று கிடந்ததற்கு ஒரு தலைவாசல் கிடைத்தது. சில டஜன் பேருக்காக இவ்வளவா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் அது அங்கே சுலபமாக முடிந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. உபினுக்கு நாலு பக்கமும் கடல். எல்லாரும் ஒரே படகுத்துறையில்தான் இறங்க வேண்டும். யாருக்கு உதவி, எங்கே உதவி என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்.

இங்கே தமிழர்களுக்குக் கடலும் இல்லை, வேலியும் இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. 1989 மார்ச்சில் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒவ்வொரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டையிலும், ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. இந்தியர்களுக்கும் பிற இனத்தவருக்கும் சேர்த்து 2010லிருந்து அது பேட்டையில் 12, புளோக்கில் 15 விழுக்காடு. அதற்கு முன்பு 10, 13. நான் இந்தக் கொள்கைக்கு எதிரி இல்லை. என் பிள்ளைகள் மலாய்க் குடும்பத்து நோன்புக் கஞ்சியும் சீனப் பாட்டியின் மாண்டரின் ஆரஞ்சும் தின்று வளர்ந்தவர்கள். அதை நான் எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் உதவி ஒருங்கிணைப்பு என்று வரும்போது இந்தப் பரவலுக்கு ஒரு விலை இருக்கிறது.

அரசாங்கம் இடத்தை வைத்து உதவும். சமூக சேவை அலுவலகம், முதியோருக்கான துடிப்பாக மூப்படையும் நிலையம், நகர மன்றம் எல்லாம் வட்டாரக் கணக்கு. ஒரு வட்டாரத்தில் நம்மவர்கள் பத்துப் பதினைந்து வீடு இருந்தால் அதிகம். கீழ்த்தளத்து நிலையத்தில் காலையில் உடற்பயிற்சி, மத்தியானம் மாஜோங், சாயந்தரம் மாண்டரின் கரோக்கே. நடத்துபவர்களைக் குறை சொல்ல முடியாது, வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பதைத்தான் போடுகிறார்கள். ஏழாவது மாடிப் பாட்டி ஒருநாள் போய்விட்டு வந்து, "எல்லாரும் நல்லா சிரிக்கிறாங்க, நானும் சிரிச்சேன், என்னத்துக்குன்னுதான் தெரியல" என்றார். மறுநாள் போகவில்லை. பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை.

இன்னொரு பக்கம் சமூகத்தை வைத்து உதவுவது. 1982ல் மலாய் முஸ்லிம்களுக்கான மெண்டாக்கி, 1991ல் இந்தியர்களுக்கான சிண்டா, 1992ல் சீனர்களுக்கான சுய உதவிக் குழு என்று வரிசையாக வந்தன. சிண்டா பிறந்த கதை பலருக்குத் தெரியும். இந்திய மாணவர்களின் தேர்ச்சி பின்தங்குகிறது என்ற கவலையில் ஒரு செயற்குழு உட்கார்ந்து ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது, அதன் விளைவாக வந்த அமைப்பு. சம்பளச் சீட்டில் மத்திய சேமநிதிக்குக் கீழே சின்னதாக ஒரு பிடித்தம் இருக்குமே, அதுதான் அதன் முதுகெலும்பு. மாதம் 1,000 வெள்ளிக்குள் சம்பாதிப்பவருக்கு 1 வெள்ளி, 15,000க்கு மேல் என்றால் 30 வெள்ளி. துணைப்பாடம், குழந்தைகளுக்குப் படித்துக் காட்டும் திட்டம், பள்ளி திறக்கும் முன் பையும் பொருள்களும், குடும்ப சேவை நிலையம் என்று வேலை விரிந்துகொண்டே போகிறது. பீட்டி ரோட்டில் அலுவலகம். நம்மவர்களோ பூன் லேயிலும் இருக்கிறோம், பொங்கோலிலும் இருக்கிறோம், ஊட்லண்ட்சிலும் இருக்கிறோம். ஒரு புளோக்கில் இரண்டு வீட்டுக்காகத் தீவு முழுக்க ஓட வேண்டும். தமிழ் முஸ்லிம் குடும்பம் என்றால் சிண்டா, மெண்டாக்கி இரண்டுமே இருக்கின்றன. இரண்டு இடத்திலும் அன்பாகத்தான் பேசுவார்கள். எங்கே முதலில் போவது என்பதைத்தான் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆக, இடக்கணக்கில் வரும் உதவியும் இனக்கணக்கில் வரும் உதவியும் ஒரே வீட்டு வாசலில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. அந்த வாசலில் நிற்பது பெரும்பாலும் ஓர் அம்மா. கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு.

அப்படி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அக்கா துப்புரவு வேலை செய்பவர், நாள் சம்பளம். வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. பள்ளியில் இரண்டு பிள்ளைகள். மூவறை வீடு, சொந்தம், தவணை பாக்கி. என் மேசைக்கு வந்தபோது அவரிடம் என்ன இல்லை என்று கேட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. மருத்துவமனையின் சமூக ஊழியரைப் பார்த்திருந்தார். சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் என்ற அரசாங்க நிதியுதவிக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். பள்ளியில் நிதியுதவிப் பாரம், சிண்டாவில் ஒரு விண்ணப்பம், நகர மன்றத்தில் பாக்கியைத் தவணையாகக் கட்ட ஒரு வேண்டுகோள், மின்கட்டணத்துக்கு ஒரு கடிதம், வீட்டுக் கடனுக்கு வீவக கிளை. ஏழு கதவையும் அவரே தட்டியிருந்தார். எல்லாக் கதவும் திறந்தன. மரியாதையாக உட்கார வைத்துப் பேசினார்கள்.

பிரச்சினை கதவுகளுக்கு நடுவில்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் வருமான வரம்பு வேறு. ஓரிடத்தில் குடும்பத்தின் மொத்த வருமானத்தைப் பார்ப்பார்கள், ஓரிடத்தில் தலைக்கு எவ்வளவு என்று வகுப்பார்கள். ஒன்று மூன்று மாதத்துக்குத் தருவார்கள், ஒன்று ஆறு மாதம், ஒன்று பள்ளி ஆண்டு முடியும்வரை. புதுப்பிக்க வேண்டிய தேதிகள் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. அக்கா வீட்டுக் குளிர்பெட்டியில் மளிகைக்கடை நாட்காட்டி ஒன்று தொங்கும். ராகு காலம், எமகண்டத்துக்குப் பக்கத்திலேயே சிவப்புப் பேனாவில் வட்டங்கள். எந்த வட்டம் எந்த அலுவலகம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒருமுறை அடுத்தவர் லீவு போட்டதால் கூடுதல் நேரம் வேலை பார்த்து அந்த மாதச் சம்பளம் கொஞ்சம் ஏறியது. அந்தச் சீட்டைத்தான் புதுப்பிக்கும்போது காட்ட வேண்டியிருந்தது. அடுத்த மாதம் உதவித்தொகை குறைந்தது, கூடுதல் வேலையும் இல்லை. இனிமேல் ஓவர்டைம் வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். பொருளாதாரம் படித்தவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அக்கா வைத்த பெயர் "வம்பு".

அப்புறம் அந்த நகல்கள். வேலைநீக்கக் கடிதம், மருத்துவர் குறிப்பு, சேமநிதி அறிக்கை, அடையாள அட்டை. ஒரு பக்கத்துக்குப் பத்துக் காசு என்று எழுதுபொருள் கடையில் பத்துப் பிரதி மொத்தமாக எடுத்து வைத்திருந்தார். இன்று சிங்பாஸ் என்ற மின்னடையாளத்தின் வழியாக, அரசாங்கத்திடம் உள்ள நம் விவரங்களைத் தொகுத்துத் தரும் மைஇன்ஃபோவிலிருந்து பல விவரங்கள் தாமாகவே பாரத்தில் நிரம்பிவிடுகின்றன, நகல் தொல்லை நிறையக் குறைந்திருக்கிறது. அதை நான் மனதாரப் பாராட்டுவேன். ஆனால் மைஇன்ஃபோவில் நிரம்பாத ஒன்று இருக்கிறது. என்ன நடந்தது என்ற கதை. அதை ஒவ்வொரு கதவிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். "முதல் இடத்துல அழுதேன் தம்பி. இப்ப அழுகை வரல, அலுப்புதான் வருது" என்றார்.

சந்திப்பு நேரம் கொடுப்பதிலும் ஒரு கூத்து. வீட்டுக்காரருக்குச் சுத்திகரிப்பு செவ்வாய், வியாழன், சனி. அலுவலகம் ஒன்று வியாழக்கிழமை காலை வரச் சொல்லும். மாற்றிக் கேட்டால் மாற்றித் தருவார்கள், ஆனால் மாற்றிக் கேட்க ஆங்கிலத்தில் தொலைபேச வேண்டும், ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று வரிசை தாண்ட வேண்டும். நாள் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு சந்திப்பும் ஒரு நாள் கூலி நட்டம். உதவி கேட்டுப் போவதற்கே செலவு இருக்கிறது என்பது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சுலபத்தில் தெரியாது.

இந்த முடிச்சை அவிழ்த்தது நானும் இல்லை, நாடாளுமன்ற உறுப்பினரின் கடிதமும் இல்லை. மருத்துவமனையின் சமூக ஊழியர், ஓர் இளம் சீனப் பெண். தமிழ் ஒரு சொல் தெரியாது. அக்காவின் சம்மதத்தை எழுதி வாங்கிக்கொண்டு, சமூக சேவை அலுவலகத்து அதிகாரி, பள்ளி ஆலோசகர், இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு ஒரு 'கேஸ் கான்ஃபரன்ஸ்' வைத்தார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். முடிவில் ஒரே ஒரு தாள். எந்த உதவி எப்போது முடிகிறது, புதுப்பிக்க எந்தக் காகிதம், யாரைக் கூப்பிட வேண்டும், கூப்பிடுவது யார். அந்தத் தாளின் கடைசிக் கட்டத்தில் அக்காவின் பெயர் இரண்டே இடத்தில்தான் இருந்தது. மீதி எல்லாம் அதிகாரிகளின் பெயர். புதுப் பணம் ஒரு வெள்ளிகூட அந்தக் கூட்டத்தில் ஒதுக்கப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அக்கா என் மேசைக்கு வரவே இல்லை. ஈரச்சந்தையில் பார்த்தால் மீன் விலையைப் பற்றிப் பேசுவார்.

அந்தப் பெண் அதைச் செய்ய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்றே நினைக்கிறேன். அவர் மனதுக்குப் பட்டது, செய்தார். எனக்கு இதில்தான் உறுத்தல். ஒருங்கிணைப்பு நல்ல மனசை நம்பி நடக்கிறது. நல்ல மனசு கிடைத்த குடும்பம் பிழைத்துக்கொள்கிறது.

புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் அப்பா வழி ஊர். அங்கே பெரியப்பா மகன், உள்ளாட்சி அரசியலில் கொஞ்சம் ஈடுபாடு உள்ளவர், இங்கே வந்திருந்தபோது மக்கள் சந்திப்பை வேடிக்கை பார்க்க வேண்டும் என்றார். ஓரமாக உட்கார வைத்தேன். முழுக்கப் பார்த்துவிட்டு, கோப்பிக்கடையில் தே தாரேக்கை ஊதிக்கொண்டே கேட்டார்: "ஏன்டா, ஆளுங்கட்சி எம்.பி. தானே? அவரு கவர்மெண்டுக்கு அவரே மனுப் போடுறாரா?"

சிரிப்பு வந்தது. பதில் சட்டென்று வரவில்லை. உறுப்பினருக்கு அதிகாரிகளிடம் பரிசீலிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உண்டு, உத்தரவு போடும் உரிமை கிடையாது, அது நல்லதுதான், இல்லாவிட்டால் வேண்டியவன் வேண்டாதவன் பார்ப்பது தொடங்கிவிடும் என்று விளக்கினேன். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு வந்து பார் என்றார். பார்த்திருக்கிறேன். மக்கள் குறைதீர்க்கும் நாள். மண்டபத்தில் கலெக்டர், சுற்றி வருவாய், ஊரக வளர்ச்சி, சமூக நலம், மின்வாரியம் என்று எல்லாத் துறை அதிகாரிகளும். முதியோர் பென்ஷன் நின்றுபோன கிழவி மனுவை நீட்டினால் கலெக்டர் வாங்கிப் பார்த்து, ஓரத்தில் கிறுக்கி, நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கும் அதிகாரியைக் கூப்பிட்டுக் கையில் கொடுப்பார். அந்த ஒரு நிமிஷம் அழகாக இருக்கும். 2024லிருந்து 'உங்களைத் தேடி உங்கள் ஊரில்' என்று மாதம் ஒருநாள் கலெக்டரே ஒரு வட்டத்தில் போய் இரவு தங்கி, பள்ளி, மருத்துவமனை, ரேஷன் கடை எல்லாம் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த மண்டபத்துக்கு வெளியே மரத்தடியில் இன்னொரு காட்சி. பழைய மனு ரசீதுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருப்பவர்கள். போன மாசம் கொடுத்தேன், அதுக்கு முந்தின மாசம் கொடுத்தேன் என்பார்கள். மனு மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் யாரைப் பற்றிப் புகாரோ அந்தக் கிராம நிர்வாக அலுவலரிடமே அறிக்கைக்கு வந்து சேர்வதும் உண்டு. கலெக்டரும் இரண்டு மூன்று வருஷத்தில் மாறிப் போய்விடுவார்.

அங்கே எல்லாத் துறையையும் ஒரே மண்டபத்துக்கு இழுத்துவர ஓர் ஆள் இருக்கிறார், அடிமட்டத்தில் வேலை நடக்குமா என்பது சந்தேகம். இங்கே ஒவ்வொரு துறையும் கடிகாரம் மாதிரி ஓடுகிறது, மணிகளைச் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. இதை அண்ணனிடம் சொன்னேன். "ரெண்டையும் கலந்தா நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு முஸ்தபா கடைக்குக் கிளம்பிவிட்டார்.

கலந்தால் எப்படி இருக்கும் என்பதை 2020ல் கொஞ்சம் பார்த்தோம். ஏப்ரல் 7ஆம் தேதி கிருமிமுறியடிப்புத் திட்டம், அதாவது கோவிட் ஊரடங்கு, தொடங்கியபோது வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அதில் நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை. புதுக்கோட்டை, சிவகங்கை, பட்டுக்கோட்டை, ராமநாதபுரம், ஒரு தாலுகாவே ஒரு மாடியில் இருக்கும். அப்போது ராணுவம், போலீஸ், மனிதவள அமைச்சு என்று பல இடத்து அதிகாரிகள் சேர்ந்த குழுக்களை விடுதிகளுக்கே அனுப்பினார்கள். சாப்பாடு, மருந்து, சம்பளம் வந்ததா, வீட்டுக்குப் பணம் போனதா, தொலைபேசிக்கு டாப்-அப் இருக்கிறதா, எல்லாம் விடுதி வாசலில் இருந்த குழுவின் பொறுப்பு. சாம்பாரில் உப்பில்லை என்பதுகூட அவர்களிடம்தான் போனது. அந்த ஆண்டின் வேதனைகளை நான் மூடி மறைக்கவில்லை. அத்தனை பேரை அப்படி நெருக்கி வைத்திருந்தோம் என்பதே அப்போதுதான் பலருக்கு உறைத்தது. ஆனாலும் துறைப் பெயரைத் தோள்பட்டையிலிருந்து கழற்றிவிட்டு ஒரே அறையில் உட்கார்ந்தால் வேலை நடக்கிறது என்பது தெரிந்தது. விடுதிக்கும் உபின் மாதிரி ஒரே வாசல்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிதறிக் கிடக்கும் குடும்பங்களுக்கு அந்த மாதிரி ஓர் ஆளை அனுப்பும் முயற்சிதான் காம்லிங்க். 2019ல் தொடங்கி, பிறகு தீவு முழுக்க விரிவாகி, 2023ல் காம்லிங்க் பிளஸ் ஆனது. பிள்ளைகள் உள்ள, அரசு வாடகை வீட்டுக் குடும்பங்களை முதன்மையாகப் பார்க்கிறது. குடும்பத்துக்கு ஒரு பயிற்றுவிப்பாளர். பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்த்தால், வேலையில் நிலைத்தால், கடனை அடைத்தால், சொந்த வீட்டுக்குச் சேமித்தால் அரசாங்கமும் கூடப் பணம் போடும். எல்லாரும் 'கோச்' என்றுதான் சொல்கிறார்கள். பாட்டிமார் வாயில் அது 'கோச்சு'. எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் நம்பிக்கை உண்டு, ஏனென்றால் ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆள் என்று முதன்முறையாக எழுத்தில் வந்திருக்கிறது. எனக்குக் குறையும் உண்டு. மூவறை வீட்டுக்குச் சொந்தக்காரரான அக்கா மாதிரி ஆள் முதல் வட்டத்துக்குள் வரமாட்டார். வீடு சொந்தம் என்பதால் மேலே போய்விட்டார் என்று கணக்கு. தவணை பாக்கியோடு தொங்கிக்கொண்டிருப்பவரை அந்தக் கணக்கு பார்க்காது.

இன்னொன்று, ஆள் மாறுவது. ஒருங்கிணைப்பு என்பது கணினியில் ஏறும் சமாசாரம் என்று மேலிடத்தில் நினைக்கிறார்களோ என்று சில சமயம் தோன்றும். பாதி ஏறும். மீதி ஆளோடு போய்விடும். அண்மையில் ஒரு வாடகை வீட்டுக் குடும்பத்துக்கு கோச் மாறினார். பழையவர் வேறு வட்டாரத்துக்குப் போகிறார். கோப்பைக் கைமாற்றினால் போதும் என்று விடாமல், புதியவரையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். அந்த வீட்டில் பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான், அதனால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

பழையவர் சொல்லச் சொல்லப் புதியவர் குறித்துக்கொண்டார். அம்மாவுக்கு இரவு வேலை, மத்தியானம் இரண்டு மணிக்கு முன்னால் கூப்பிடாதே. பெரியவனிடம் அப்பாவைப் பற்றிக் கேட்காதே, கால்பந்தைப் பற்றிக் கேள். சின்னவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், பலதுறை மருந்தகத்தில் தேதி வாங்கியாயிற்று. கடன் கேட்டு ஒருவன் வாசலுக்கு வருகிறான், போலீசில் சொல்லியிருக்கிறது, இதுதான் புகார் எண். சிண்டாவில் துணைப்பாட இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் மையம் இரண்டு பேருந்து தள்ளி, யார் கூட்டிக்கொண்டு போவது என்று இன்னும் முடிவாகவில்லை. புதியவர் அந்தக் கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டார்.

பாட்டி அதுவரைக்கும் வாயே திறக்கவில்லை. புதியவர் எழுதி முடித்துப் பேனாவை மூடியதும் என் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணு எத்தனை மாசம் இருக்கும்னு கேளுப்பா" என்றார்.

கேட்டேன். குறைந்தது இரண்டு வருஷம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றார் அந்தப் பெண்.

"அப்ப சரி, காப்பி குடிப்பாளான்னு கேளு."